சும்மா இடத்தைக் காட்டினாலும் 'ஏஜெண்டு'தான்! மனை புரோக்கர்கள் 'ரெரா' பதிவு வாங்குவது எப்படி?

ஓசூர்,

ஓசூரைச் சுற்றி பாகலூர் ரோடு, தேன்கனிக்கோட்டை ரோடு, ராயக்கோட்டை ரோடு என்று எந்தப் பக்கம் போனாலும் கலர் கொடி கட்டிய மனைப்பிரிவுகள் கண்ணில் படுகின்றன. கொடிக்குப் பக்கத்தில் ஒரு பேனர். பேனரில் ஒரு செல்போன் நம்பர். அந்த நம்பருக்குப் போன் போட்டால் எடுப்பவர் பெரும்பாலும் மனைக்குச் சொந்தக்காரர் அல்ல, புரோக்கர்தான்.

டீக்கடை நடத்துபவர், ஆட்டோ ஓட்டுபவர், கம்பெனியில் ஷிப்டு முடித்து வருபவர், வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் என்று பலரும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். ஒரு பைக், ஒரு செல்போன், நாலு பேர் பழக்கம் இருந்தால் போதும் என்பது இவர்கள் போடும் கணக்கு.

ஆனால் இந்தக் கணக்கு 2017-ம் ஆண்டோடு மாறிவிட்டது. இது இன்னும் பல பேருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களிலும் சிலர், "அதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான், நமக்கு இல்லை" என்று இருந்துவிடுகிறார்கள். பதிவு இல்லாமல் மனை விற்றுக் கொடுத்து மாட்டினால் வாங்கிய கமிஷனைவிட கட்டும் அபராதம் அதிகமாகிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம் என்பது முழுப் பெயர். சுருக்கமாக 'ரெரா'. பாராளுமன்றத்தில் 2016-ம் ஆண்டு நிறைவேறியது. அந்த ஆண்டு மே 1-ந் தேதி ஒரு பகுதியும், 2017-ம் ஆண்டு மே 1-ந் தேதி மீதிப் பகுதியும் அமலுக்கு வந்தன. தமிழக அரசு 2017 ஜூன் மாதம் இதற்கான விதிகளை வெளியிட்டது. சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் இயங்கி வருகிறது.

மனை போட்டு விற்பவர், பிளாட் கட்டி விற்பவர் ஆகியோர் தங்கள் திட்டத்தை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்த மனையையோ பிளாட்டையோ விற்றுக் கொடுக்கிற ஏஜெண்டும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். இதைச் சொல்வது சட்டத்தின் 9-வது பிரிவு.

யார் ஏஜெண்டு?

இங்கேதான் பல பேர் ஏமாந்து போகிறார்கள். "நான் விலை பேசவில்லை, அட்வான்ஸ் வாங்கவில்லை, சும்மா இடத்தைத்தான் காட்டினேன்" என்று சொன்னால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். சட்டம் அப்படி விடவில்லை.

விற்பவருக்காகவோ வாங்குபவருக்காகவோ பேரம் பேசி, அதற்குக் கமிஷனோ கட்டணமோ வாங்குபவர் ஏஜெண்டு. வாங்குபவரையும் விற்பவரையும் எந்த வழியிலாவது அறிமுகம் செய்து வைத்துப் பணம் பெறுபவரும் ஏஜெண்டுதான். புரோக்கர், டீலர், இடைத்தரகர் என்று எந்தப் பெயரில் அழைத்தாலும் சரி. விசிட்டிங் கார்டில் 'மார்க்கெட்டிங் எக்சிகியூட்டிவ்', 'கன்சல்டன்ட்' என்று போட்டுக்கொண்டாலும் சரி. கமிஷன் வாங்கினால் அவர் ஏஜெண்டு.

வாட்ஸ்-அப்பில் மனை படத்தைப் போட்டு ஆள் பிடித்துக் கொடுப்பவருக்கும் இது பொருந்தும்.

கம்பெனியில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் கதை வேறு. அவர் கம்பெனியின் ஊழியர். ஆனால் சம்பளம் எதுவும் இல்லாமல், "ஒரு மனை முடித்துக் கொடுத்தால் இவ்வளவு" என்று தனியாகக் கமிஷன் வாங்குபவர் கம்பெனியின் பதிவைக் காட்டித் தப்ப முடியாது. தன் பெயரில் பதிவு வைத்திருப்பதுதான் பாதுகாப்பு.

யாருக்குத் தேவை இல்லை?

எல்லா புரோக்கருக்கும் இந்தப் பதிவு கட்டாயம் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். அதுவும் சரி இல்லை.

ரெரா என்பது 'திட்டங்களுக்கான' சட்டம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில், அதாவது சுமார் 12 சென்டுக்கு மேல், மனை பிரித்து விற்றால் அந்தத் திட்டத்தைப் பதிவு செய்ய வேண்டும். அந்த அளவுக்கு மேற்பட்ட நிலத்தில் 8 வீட்டுக்கு மேல் கட்டி விற்கும் அடுக்குமாடித் திட்டமும் இதில் வரும். இப்படிப் பதிவு செய்யவேண்டிய திட்டத்தில் விற்பனைக்கு உதவுபவருக்குத்தான் ஏஜெண்டு பதிவு கட்டாயம்.

வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுப்பவருக்கு ரெரா பதிவு தேவை இல்லை. ஊரில் ஒருத்தர் தன் பழைய ஓட்டு வீட்டை விற்கிறார், அதை முடித்துக் கொடுக்கிறீர்கள் என்றாலும் இந்தச் சட்டம் குறுக்கே வராது. விவசாய நிலத்தை அப்படியே விவசாய நிலமாக ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்கு விற்றுக் கொடுப்பதும் அப்படித்தான்.

ஆனால் இன்றைக்கு வாடகை வீடு பார்த்துக் கொடுப்பவர் நாளைக்கு ஒரு லே-அவுட் மனையைக் கையில் எடுத்தால், அந்த நிமிஷமே பதிவு வேண்டும்.

என்னென்ன ஆவணங்கள்?

இந்தப் பதிவுக்கு இவ்வளவு படித்திருக்க வேண்டும் என்று ரெரா சட்டம் சொல்லவில்லை. பத்தாவது பாஸ், பெயில் என்று யாரும் கேட்க மாட்டார்கள். மராட்டிய மாநிலத்தில் அங்குள்ள ஆணையம் 2023-ம் ஆண்டு ஏஜெண்டுகளுக்குப் பயிற்சியையும் தேர்வையும் கட்டாயம் ஆக்கியது. தேர்வு எழுதி சான்றிதழ் வாங்கினால்தான் அங்கே பதிவு.

தமிழ்நாட்டில் விண்ணப்பிக்க ஆணையத்தின் இணையதளத்துக்குப் போக வேண்டும். தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை:

* விண்ணப்பிப்பவரின் பெயர், முகவரி, தொடர்பு விவரம், புகைப்படம்.

* பான் கார்டு நகல்.

* தொழில் செய்யும் இடத்துக்கான முகவரிச் சான்று.

* கடந்த 3 நிதி ஆண்டுகளுக்கான வருமான வரிக் கணக்கு. வரிக் கணக்கு தாக்கல் செய்யும் அளவுக்கு வருமானம் இல்லாதவர்கள் அதை உறுதிமொழியாக எழுதிக் கொடுக்கலாம்.

* தனி ஆளா, கூட்டு நிறுவனமா, கம்பெனியா என்ற விவரம். கூட்டாகத் தொழில் செய்பவர்கள் ஒப்பந்தப் பத்திரம், பங்குதாரர்களின் விவரம், புகைப்படம் ஆகியவற்றையும் கொடுக்க வேண்டும்.

கட்டணம் தனி ஆளுக்கு ஒரு தொகை, நிறுவனத்துக்கு அதைவிடக் கூடுதல் தொகை. விண்ணப்பிக்கும் நாளில் ஆணையத்தின் இணையதளத்தில் என்ன தொகை போட்டிருக்கிறதோ அதைத்தான் கட்ட வேண்டும். "எனக்கு உள்ளே ஆள் தெரியும், இவ்வளவு கொடுத்தால் ஒரே நாளில் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் பணத்தைக் கொடுத்துவிட்டு அலைய வேண்டாம். விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்கள் ஆடிட்டர் அல்லது வக்கீல் மூலம் செய்துகொள்ளலாம். ஆணையத்துக்குக் கட்டும் தொகைக்கு ரசீது கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

விண்ணப்பத்தில் குறை இருந்தால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். விண்ணப்பித்தவரின் பதிலைக் கேட்காமல் தள்ளுபடி செய்யக்கூடாது. இது சட்டத்திலேயே இருக்கிறது.

பதிவு கிடைத்தால் ஒரு எண் தருவார்கள். அது 5 ஆண்டுகளுக்குச் செல்லும். முடிவதற்கு 3 மாதம் இருக்கும்போதே புதுப்பிக்க விண்ணப்பித்துவிட வேண்டும். கடைசி வாரத்தில் ஓடினால் நடுவில் பதிவு இல்லாத நாட்கள் வந்துவிடும்.

எல்லை தாண்டினால் வேறு பதிவு

ஒரு மாநிலத்தில் வாங்கிய பதிவு அந்த மாநிலம் முழுவதற்கும் செல்லும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருப்பவர் கோவையிலும் மனை விற்றுக் கொடுக்கலாம், கன்னியாகுமரியிலும் விற்றுக் கொடுக்கலாம். மாவட்டத்துக்கு ஒன்று என்று வாங்கத் தேவை இல்லை.

ஆனால் ஓசூர் புரோக்கர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. செக்போஸ்டைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அது கர்நாடகா. அங்குள்ள திட்டத்தில் பிளாட் முடித்துக் கொடுத்தால் தமிழ்நாட்டு எண் செல்லாது. கர்நாடக ஆணையத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். காலையில் பாகலூர் ரோட்டில் மனை காட்டிவிட்டு மாலையில் பெங்களூர் பக்கம் பிளாட் காட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அபராதம் எவ்வளவு?

பதிவு இல்லாமல் தொழில் செய்தால், அந்தத் தவறு நீடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.10 ஆயிரம் அபராதம் போடலாம். மொத்த அபராதம் அந்த மனை அல்லது பிளாட் விலையில் 5 சதவீதம் வரை போகலாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1,200 சதுர அடி மனை, விலை ரூ.15 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 2 சதவீத கமிஷன் என்றால் புரோக்கருக்குக் கிடைப்பது ரூ.30 ஆயிரம். அதே மனைக்கு 5 சதவீத அபராதம் என்றால் ரூ.75 ஆயிரம். நாளுக்கு ரூ.10 ஆயிரம் என்றால் 8 நாளில் அந்த உச்சவரம்பு வந்துவிடும். கையில் வந்த ரூ.30 ஆயிரம் போக, மேற்கொண்டு ரூ.45 ஆயிரம் வீட்டில் இருந்து எடுத்துக் கட்ட வேண்டும். மனைவி தாலிச் செயின்தான் அடகுக் கடைக்குப் போகும்.

ஆணையத்தின் உத்தரவை மதிக்காவிட்டால் அதற்குத் தனி அபராதம். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் உத்தரவையும் மீறினால் ஓர் ஆண்டு வரை ஜெயில் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

கமிஷன் இத்தனை சதவீதம்தான் என்று ரெரா சட்டம் நிர்ணயிக்கவில்லை. அது இரு தரப்பும் பேசிக்கொள்வது. அதனால் வாய்ப்பேச்சாக விடாமல் ஒரு பேப்பரில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது புரோக்கருக்கும் நல்லது. பத்திரம் முடிந்த பிறகு "அண்ணே, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று இழுத்தடிப்பவர்களிடம் காட்ட அந்தப் பேப்பர்தான் உதவும்.

பதிவு வாங்கிய பிறகு என்ன செய்ய வேண்டும்?

எண் வாங்கி பர்ஸில் வைத்துக்கொண்டால் வேலை முடிந்துவிடாது.

* பதிவுச் சான்றை அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்படி மாட்ட வேண்டும். முடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் எண்ணைக் குறிப்பிட வேண்டும்.

* ரெராவில் பதிவு ஆகாத திட்டத்தின் மனையைக் கையில் தொடக் கூடாது. "அப்ரூவல் அடுத்த மாதம் வந்துவிடும்" என்று சொல்லி புக்கிங் பிடிக்கக் கூடாது.

* கணக்குப் புத்தகம், ஆவணங்களை முறையாகப் பராமரிக்க வேண்டும்.

* இல்லாத அனுமதியை இருப்பதாகவோ, வராத வசதியை வரப்போவதாகவோ சொல்லக் கூடாது. "பக்கத்திலேயே மெட்ரோ வருது", "ஆறு மாசத்தில் டபுள் ஆகும்" என்று அளந்துவிட்டால் அது ஏஜெண்டின் தலையில்தான் விடியும்.

* புக்கிங் நேரத்தில் வாங்குபவருக்குக் கிடைக்க வேண்டிய விவரங்கள், ஆவணங்கள் எல்லாம் கிடைக்கும்படி செய்ய வேண்டும்.

இதை மீறினாலோ, பொய்த் தகவல் கொடுத்துப் பதிவு வாங்கியது தெரிந்தாலோ பதிவையே ரத்து செய்ய ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

'பவர்' வாங்கினால் கதையே வேறு

சில புரோக்கர்கள் நிலத்துக்காரரிடம் 'பவர்' எழுதி வாங்கிக்கொண்டு, தாங்களே மனை பிரித்து விற்கிறார்கள். இவர்கள் ஏஜெண்டு பதிவு இருக்கிறது என்று தைரியமாக இருக்கக் கூடாது. மனை போடும் நிலத்துக்குப் பவர் வைத்திருந்து விற்பவரையும் சட்டம் 'புரமோட்டர்' கணக்கில் சேர்க்கிறது.

புரமோட்டர் என்றால் திட்டத்தையே பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம். அதன் பிறகும் மீறினால் 3 ஆண்டு வரை ஜெயில், அல்லது மேற்கொண்டு 10 சதவீதம் அபராதம், அல்லது இரண்டும். நிலத்துக்காரர் கையெழுத்து போட்டுவிட்டு வீட்டில் இருப்பார். பவர் ஏஜெண்டு கோர்ட்டுக்கு நடப்பார்.

'பஞ்சாயத்து அப்ரூவல்' செல்லாது

ஏஜெண்டுக்குப் பதிவு இருப்பதால் அவர் காட்டும் மனைக்கும் அங்கீகாரம் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. இரண்டும் வேறு வேறு.

மனைப்பிரிவுக்கு சென்னைப் பெருநகரப் பகுதியில் சி.எம்.டி.ஏ.வும், மற்ற இடங்களில் டி.டி.சி.பி. எனப்படும் நகர் ஊரமைப்புத் துறையும் தரும் அனுமதி வேண்டும். பஞ்சாயத்துத் தலைவர் தனியாக சீல் போட்டுக் கொடுக்கும் பேப்பர் மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகாது.

அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று சென்னை ஐகோர்ட்டு 2016-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி உத்தரவு போட்டது. அப்போது தமிழ்நாடு முழுவதும் பத்திர ஆபீசுகள் வெறிச்சோடிப் போனதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பிறகு 2016 அக்டோபர் 20-ந் தேதி வரை பதிவான பழைய மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் அரசு விதி கொண்டு வந்தது. அதை நம்பி வாங்கியவர்கள் வரன்முறைக் கட்டணம் கட்ட வேண்டி இருந்தது. அன்றைக்கு அந்த மனைகளை விற்றுக் கொடுத்த புரோக்கர்கள் ஊருக்குள் தலைகாட்ட முடியாமல் இருந்தார்கள்.

ரொக்கம், வரி ஜாக்கிரதை

மனை விற்பனையில் ரூ.20 ஆயிரமோ அதற்கு மேலோ அட்வான்சை ரொக்கமாக வாங்குவதற்கு வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான தொகை அபராதமாகப் போகலாம். எனவே அட்வான்ஸ் பணம் புரோக்கர் கைக்கே வராமல், வங்கி மூலமாக நேராக விற்பவர் கணக்குக்குப் போவது எல்லோருக்கும் நல்லது.

மேலும், திட்டத்தை நடத்துபவர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பணம் வாங்க வேண்டும் என்றால் முதலில் விற்பனை ஒப்பந்தம் எழுதி அதைப் பதிவு செய்ய வேண்டும். இதைக் கேட்காமல் "பாதிப் பணத்தைக் கட்டிடுங்க, அப்புறம் அக்ரிமெண்ட் போடலாம்" என்று சொல்லும் ஏஜெண்டு சட்டத்துக்கு எதிராகத்தான் யோசனை சொல்கிறார்.

கமிஷன் வருமானம் ஆண்டுக்கு ரூ.20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் வேண்டும். கமிஷனுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம்.

வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது

இது புரோக்கர்களுக்கு மட்டும் உள்ள விஷயம் இல்லை. சீட்டுப் பணம், பி.எப். பணம், நகையை விற்ற பணம் என்று சேர்த்து வைத்து ஒரே ஒரு மனை வாங்குபவர்கள்தான் அதிகம். இவர்களுக்கு அந்தப் பணம் போனால் இரண்டாவது சந்தர்ப்பம் கிடையாது.

மனை பார்க்கப் போகும்போது இலவச வேனும் மதியம் பிரியாணியும் கொடுப்பார்கள். சாப்பிடலாம், தப்பு இல்லை. ஆனால் கையெழுத்து போடுவதற்கு முன்னால் இரண்டு எண்களைக் கேட்டு வாங்க வேண்டும். ஒன்று, திட்டத்தின் ரெரா எண். இன்னொன்று, ஏஜெண்டின் ரெரா எண்.

இரண்டையும் ஆணையத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். செல்போனிலேயே பார்க்க முடியும். தெரியாவிட்டால் வீட்டில் படிக்கும் பிள்ளைகளிடம் சொன்னால் பார்த்துக் கொடுப்பார்கள். திட்டத்தைப் பதிவு செய்யும்போது, தனக்கு ஏஜெண்டுகள் இருந்தால் அவர்கள் பெயர், முகவரியையும் புரமோட்டர் ஆணையத்துக்குக் கொடுக்க வேண்டும். மனை காட்டியவரின் பெயர் அதில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

இதோடு பட்டா, வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம் ஆகியவற்றையும் வக்கீல் ஒருவரிடம் காட்டிவிட வேண்டும். ரெரா எண் இருந்தாலும் இந்த வேலையை விடக் கூடாது.

பதிவு பெற்ற ஏஜெண்டு ஏமாற்றினால் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஆணையத்தின் தீர்ப்பு திருப்தி இல்லை என்றால், உத்தரவு கைக்கு வந்த 60 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பதிவு இல்லாதவரிடம் ஏமாந்தாலும் புகார் கொடுக்கலாம். ஆனால் அவரை முதலில் தேடிப் பிடிக்க வேண்டுமே! பேனரில் இருந்த நம்பர் 'சுவிட்ச் ஆப்' ஆகி இருக்கும். பதிவு பெற்றவர் என்றால் பெயர், முகவரி, போட்டோ எல்லாம் ஆணையத்தில் இருக்கும்.

நேர்மையாகத் தொழில் செய்யும் புரோக்கருக்கும் அதுதான் லாபம். பத்து பேர் ஒரே மனையைக் காட்டும்போது, "இதுதாங்க என் ரெரா நம்பர், நீங்களே பார்த்துக்கோங்க" என்று சொல்பவரிடம்தான் ஜனங்கள் நம்பிப் போவார்கள்.